நகக்கண்

ராத்திரியிலிருந்து விடாத மழை. இன்று வெட்டு இல்லை.
மண்டோர் ஐந்தரைக்கே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்.
பீடோரில் நவம்பர் இப்படித்தான்,
செம்பனைக்கு ஓய்வு,
வீட்டில் ஓர் ஆம்பளை கூடுதல்.

பத்து மணிக்கு எழுந்த சவரிமுத்து
கேட்ட முதல் கேள்வி: "அது என்ன சத்தம்?"

நான்கு மாதமாய் நான் கேட்கும் சத்தம்.
அடுப்படியிலிருந்து கேட் வரைக்கும்
டிக் டிக் டிக் டிக்
மலிவுவிலை வீட்டின் வழுக்கும் டைல்ஸில்
யாரோ ஓயாமல் ரசீது அடிப்பதுபோல.
கோப்பியோவுக்கு நகம் வளர்ந்துவிட்டது.

மிஸ் லோ கடையில் முப்பத்தைந்து வெள்ளி என்றேன்.
"முப்பத்தைந்தா? அதற்கு என் நகத்தையும் சேர்த்து வெட்டுவாளா?
நாளைக்கு இருநூறு குலை இறக்குகிறவன் நான்."

பொய்யில்லை.
மூன்று மாடி உயரத்தில், கழியின் நுனியில் அரிவாள்;
கீழே நின்று ஒரே இழுப்பில்
காம்பை மட்டும் அறுக்கிற கை அது.

தரையில் பழைய துண்டை விரித்தார்.
ஆறு வெள்ளி தொண்ணூறு காசுக்கு
தபாலில் வந்த வெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார்.
பால்மரம் வெட்டிய நாளில் வாங்கிய தலைவிளக்கை
பகல் பதினொரு மணிக்கு மாட்டிக்கொண்டார்.
என் கையில் கோழி ஈரல்,
என் அக்குளில் கோப்பியோவின் தலை.

வெள்ளை நகமென்றால் உள்ளே ஓடும் ரோஜாக் கோடு தெரியும்.
இவனுக்கோ பெயரைப்போலவே
பால் சேராத கறுப்பு.
எது வெறும் நகம், எங்கே உயிர் தொடங்குகிறது,
விளக்கடித்தாலும் தெரியவில்லை.

வலது முன்காலில் ஐந்து, சரியாய்.
இடதில் ஒன்று, சரியாய்.
ஏழாவது
நகக்கண்ணில் பட்டுவிட்டது.

ஒரே கத்தல். அப்புறம் ஒன்றுமில்லை,
சொட்டு சொட்டாய் டைல்ஸ்மேல் சிவப்பு.
இவ்வளவு சின்னக் காலுக்கு இவ்வளவா!

அரிவாள் வழுக்கிய வருடம்
சட்டையைக் கிழித்துக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு
தானே மோட்டார் ஓட்டிக் கிளினிக் போன மனுஷன்
சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.
"அடச்சே" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அடச்சே."
தலைவிளக்கு எரிந்துகொண்டே இருந்தது,
கூரையைப் பார்த்து.

சோளமாவு டின்னுக்குள் அந்தக் காலை அமுக்கிப் பிடித்தேன்.
எண்ணிக்கொண்டே இருந்தேன். தொண்ணூறில் நின்றது.

நகமும் சதையும் போல இருங்கள் என்று
எங்கள் கல்யாணப் பூசையில் பாதிரியார் வாழ்த்தினார்.
எதுவரைக்கும் வெட்டலாம் என்று
அவர் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
இரண்டு பேருமே சில தடவை
கொஞ்சம் கூடுதலாய் வெட்டியிருக்கிறோம்.
அப்போதெல்லாம் வீட்டில் சோளமாவு இருந்ததில்லை.

மிச்சத்தை நான் எடுத்தேன்.
நொய்யரிசி அளவு, மறுபடியும் நொய்யரிசி அளவு.
அவர் பிடித்துக்கொண்டார்,
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி.
மாவு ஒட்டிய மூக்கால் கோப்பியோ
நகமே முளைக்காத அவர் கட்டைவிரலை
முகர்ந்து பார்த்தான், வெகுநேரம்.
இதை யார் வெட்டினார்கள் என்று கேட்பதுபோல.

மூன்று கால் முடிந்தது.
ஈரல் தீர்ந்தது.
நான்காவதை அவன் தரவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

ராத்திரி மழை விட்டது.
இருட்டில் அவன் நடக்கிறான்:
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, டிக்.
"இடது பின்கால்" என்றார் சவரிமுத்து.
தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன்.
"அடுத்த மழைக்கு" என்றேன்.

ஐந்தரைக்குக் கிளம்பிப் போனார்.
மோட்டார் சத்தம் செம்பனைக்குள் தேய்ந்து முடிய
கேட்டிலிருந்து என் கட்டில் வரைக்கும்
அவசரமே இல்லாமல் திரும்பி வந்தது
அந்த ஒற்றை டிக்.